வானிலிருந்து இறங்க எத்தனை சதுர அடி?

சமையல் சோடா விற்றுப் பணம் சேர்த்த ஒருவர் அந்த ஊரை உண்டாக்கினார். தொப்பி விற்றுப் பணம் சேர்த்த இன்னொருவர் அந்த ஊர்க் கலாசாலைக்குத் தம் பெயரைக் கொடுத்தார். இப்போது அந்த ஊரில் பாரசூட் தைக்கிறார்கள்!

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் கட்டைவிரலை நீட்டியதுபோல் கிடக்கிறதே ப்ளோரிடா மாகாணம், அதில் உள்ள டிலாண்டு என்ற ஊரைத்தான் சொல்கிறேன். ப்ளோரிடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆர்லாண்டோவில் இறங்கி, டிஸ்னி உலகத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் டிலாண்டு வந்துவிடும். போவதற்குப் பொறுமை இருந்தால் நல்ல வேடிக்கை காத்திருக்கிறது.

சோடாவும் தொப்பியும்

ஹென்றி டிலாண்டு என்பவர் நியூயார்க் மாகாணத்து வியாபாரி. நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் சோடா உப்புதான் அவருடைய சரக்கு. 1876-ம் ஆண்டில் இந்தப் பக்கம் வந்து பார்த்தவர், பைன் மரக் காட்டில் மனத்தைப் பறிகொடுத்து நிலம் வாங்கினார். ஊருக்குத் தம் பெயரையே வைத்தார். 1883-ல் ஒரு கல்விச்சாலையும் ஆரம்பித்தார். அதுதான் 1889-ல், தொப்பித் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்ற ஜான் ஸ்டெட்ஸனின் பெயரைப் பெற்றது. குதிரை மேல் வரும் அமெரிக்கக் கதாநாயகர்கள் அகல விளிம்புத் தொப்பி போட்டிருப்பார்கள் அல்லவா, அந்தத் தொப்பிக்காரர்தான்.

ஊர் அமைதியான ஊர். தெருவெல்லாம் ஓக் மரங்கள். மரக்கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி, பாட்டிமார் கூந்தலைப்போல் தொங்குகிறது. மேற்கே செயின்ட் ஜான்ஸ் என்ற நதி, அவசரமே இல்லாமல் வடக்கு நோக்கிப் போகிறது. இவ்வளவு சாதுவான ஊரில் அண்ணாந்து பார்த்தால் மட்டும் மனிதர்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள்!

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ல், அமெரிக்கக் கடற்படை இங்கே ஒரு விமானத் தளம் அமைத்தது. குண்டு வீசும் விமானிகள் பயிற்சி பெற்றார்கள். யுத்தம் முடிந்ததும் தளம் ஊராரிடமே திரும்பி வந்தது. நீண்ட ஓடுபாதையும் சமமான புல்வெளியும் இருந்தால் பாரசூட்காரர்கள் சும்மா இருப்பார்களா? வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாரசூட் தைப்பவர்களும் வந்தார்கள். பில் பூத், பில் கோ போன்ற நிபுணர்கள் இங்கேதான் தொழில் நடத்தினார்கள். இன்று உலகத்தின் எந்த மூலையில் பொழுதுபோக்குக்காக வானிலிருந்து குதித்தாலும், அவர் முதுகில் உள்ள மூட்டையில் டிலாண்டில் போட்ட தையல் ஏதாவது இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

தையல் கூடம் ஒன்றைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். நீளமான மேஜைகள், வரிசையாகத் தையல் இயந்திரங்கள், ஆரஞ்சும் ஊதாவும் மஞ்சளுமாக நைலான் துணிக் குவியல். நம் தையற்காரர் ரவிக்கைக்கு நெஞ்சளவும் கைநீளமும் குறித்துக்கொள்வதுபோல, ஒவ்வொரு துண்டின்மீதும் ஒரு சீட்டு. அதில் பெரிதாக ஓர் எண்: 150, 170, 190, 210. அது என்ன எண் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

குடை அல்ல, இறக்கை

பாரசூட் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது வட்டமான வெள்ளைக் குடை. பழைய யுத்தப் படங்களில் பார்த்திருக்கிறோம். அந்தக் குடை காற்றைத் தடுத்து நிறுத்தி ஆளை மெதுவாகக் கீழே விடும். திசை திருப்புவது கஷ்டம். காற்று எங்கே கொண்டு போகிறதோ அங்கே இறங்க வேண்டியதுதான்.

அதையும் பெண்கள் விட்டுவைக்கவில்லை. ஜார்ஜியா பிராட்விக் என்ற அமெரிக்கப் பெண், பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைச் சிறுமி. சிறு வயதிலேயே கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றவள். 1908-ல், பதினைந்து வயதில், பலூனிலிருந்து குதிக்கும் வித்தைக் கோஷ்டியில் சேர்ந்தாள். உருவம் மிகவும் சிறியதாகையால் ‘குட்டி’ என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆகாய விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்த முதல் பெண் என்ற பெயர் அவளுக்குத்தான்.

வட்டக் குடையின் காலம் பிறகு மாறியது. இதே ப்ளோரிடாவில், போக்கா ராட்டன் என்ற ஊரில், டொமினா ஜால்பர்ட் என்று பட்டம் கட்டும் கலைஞர் ஒருவர் இருந்தார். 1964-ல் அவர் துணியாலேயே ஓர் இறக்கையைச் செய்துகாட்டினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே குறுக்குச் சுவர்கள். முன்பக்கம் மட்டும் திறந்த வாய். பறக்கும்போது காற்று அந்த வாய்களில் புகுந்து, துணியெல்லாம் மெத்தைபோல் உப்பி விறைத்துக்கொள்ளும். இன்றைய விளையாட்டுப் பாரசூட்டுகள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. பேச்சு வழக்கில் குடை என்று சொன்னாலும், உண்மையில் அது தலைக்குமேல் பறக்கும் ஏரோப்ளேன் இறக்கை. இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடி. வலது பிடியை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். இடது பிடியை இழுத்தால் இடப்பக்கம். தரைக்குச் சற்று மேலே இரண்டையும் ஒருசேர இழுத்தால் வேகம் குறைந்து, பூப்போல் பாதம் பதியும். பூப்போல் பதிவது பழகினவர்களுக்கு. புதியவர்கள் பொத்தென்று உட்கார்ந்தும் இறங்குவார்கள்.

அந்த இறக்கையின் பரப்பைச் சதுர அடியில் சொல்வதுதான் நான் பார்த்த எண். 210 என்றால் 210 சதுர அடி. பதினாலடிக்குப் பதினைந்தடி ஹால் ஒன்றின் தரையளவு துணி!

தராசில் ஏறுங்கள்

விமானத் தளத்தை ஒட்டிய பயிற்சிக் கூடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆசிரியை ஒருவர் இருந்தார். குட்டையாக வெட்டிய நரைத் தலை, வெயிலில் சிவந்த முகம். அவர் எதிரில் கலாசாலை மாணவி ஒருத்தி, முகமெல்லாம் உற்சாகமாக நின்றாள். இருபத்தைந்து குதிப்புகளை முடித்து, முதல் உத்தரவுச் சீட்டு வாங்கியவள். அமெரிக்காவில் அதற்குக் குறைந்தது 25 முறையாவது குதித்திருக்க வேண்டும். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் கொடுக்கும் குடையில் குதித்தாகிவிட்டது. இனிமேல் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். சிநேகிதி ஒருத்தி தன் பழைய குடையைச் சகாய விலைக்குத் தருகிறாளாம். 135 சதுர அடி.

“தராசில் ஏறு” என்றார் ஆசிரியை.

அவள் தாவி ஏறினாள். 115 பவுண்டு, நம் கணக்கில் 52 கிலோ.

“அப்படியில்லை. உடுப்பு, பூட்ஸ், தலைக்கவசம், முதுகு மூட்டை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறு. விமானத்தை விட்டு வெளியே போகும்போது என்ன எடையோ அதுதான் வேண்டும்.”

மூட்டையோடு ஏறினாள். 140 பவுண்டு.

என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்களும் ஏறிப் பாருங்களேன்” என்றார். தையற்காரரிடம் கொடுக்கும் அளவையே துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறவள் நான். மரியாதையாக மறுத்துவிட்டேன்.

கணக்கு மிகச் சுலபம். மொத்த எடையைக் குடையின் சதுர அடியால் வகுக்க வேண்டும். 140 பவுண்டைப் 135 சதுர அடியால் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேலே வருகிறது. அதாவது ஒவ்வொரு சதுர அடித் துணியும் ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுமக்கிறது. அவள் இதுவரைக்கும் குதித்த 210-ல் அந்தச் சுமை முக்கால் பவுண்டு கூட இல்லை. சுமை ஏற ஏறக் குடை வேகமாகப் பறக்கும். தரையை வேகமாக நெருங்கும். கொஞ்சம் இழுத்தால் நிறையத் திரும்பும்.

அப்போது உள்ளே வந்த ஆஜானுபாகுவான மனிதர் ஒருவரை ஆசிரியை சுட்டிக்காட்டினார். மூட்டையோடு அவர் 240 பவுண்டு. அதே 135 அவர் தலைக்குமேல் இருந்தால் ஒரு சதுர அடிக்கு ஒன்றேமுக்கால் பவுண்டு விழும். இந்தப் பெண்ணுக்குத் துள்ளும் கன்றுக்குட்டியாக இருப்பது, அவருக்குக் கட்டவிழ்ந்த ஜல்லிக்கட்டுக் காளை! ஆகவே, “இது நல்ல குடையா?” என்று கேட்டால் போதாது; “யாருக்கு?” என்று கேட்க வேண்டும்.

புதியவர்களுக்கு ஆசிரியர்கள் சொல்லும் வரம்பு, சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது. பிரையன் ஜெர்மேன் என்ற அமெரிக்க ஆசிரியர் இதையே ஏணிப்படியாக்கினார். முதல் நூறு குதிப்பு வரை ஒன்று. அதன்பின் ஒவ்வொரு நூறு குதிப்புக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஏற்றலாம். அதுவும் மேல் வரம்புதானே தவிர, எட்டிப் பிடித்தே தீரவேண்டிய குறி அல்ல.

ஊஞ்சல் சங்கிலி

“அப்படியானால் 135 எனக்கு ஏறத்தாழ ஒன்றுதானே? வரம்பை ஒட்டித்தானே இருக்கிறது?” என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்.

ஆசிரியையின் பதிலை நான் மறக்க மாட்டேன். எண்ணை மட்டும் நம்பாதே என்றார். குடை சிறியதாகும்போது அதைத் தாங்கும் கயிறுகளும் குட்டையாகின்றன. கூடத்தில் நீளச் சங்கிலி போட்ட ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள்: சாவகாசமாகப் போய் சாவகாசமாக வரும். அதே பலகையைக் குட்டைக் கயிற்றில் கட்டினால் வெடுக் வெடுக்கென்று ஆடும். பாரசூட்டில் பலகையில் உட்கார்ந்திருப்பது நாம். சுமை ஒன்றாகவே இருந்தாலும், சிறிய குடை பெரிய குடையைவிடச் சட்டென்று திரும்பும். சட்டென்று தலைகுப்புறப் பாயும்.

இது முக்கியமாகப் பெண்களுக்குள்ள கஷ்டம். 240 பவுண்டு மனிதர் ஒன்று என்ற வரம்பில் நின்றால் அவருக்கு 240 சதுர அடிக் குடை, நிதானமான யானை. 140 பவுண்டுப் பெண் அதே வரம்பில் நின்றால் அவளுக்கு 140 சதுர அடி, துருதுருவென்ற குதிரை. காகிதத்தில் இருவரும் சமம், ஆகாயத்தில் சமமில்லை. ஆகவே ஒல்லியானவர்கள் வரம்பை எட்டாமல் தள்ளியே நிற்க வேண்டும். “நீ எடை குறைவு, உனக்கு இது போதும்” என்று யாராவது பரிவோடு சொன்னால் அந்தப் பரிவை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்றார்.

அவளுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது 190. சுமை முக்கால் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த பருவத்தில் 170, அதற்குப் பிறகு 150. ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. பெண்ணின் முகம் சற்றுச் சுருங்கியது. சிநேகிதிகள் எல்லாம் சின்னக் குடையில் கீழே வந்து, புல்லை உரசிக்கொண்டு சறுக்கி, ஓடி நிற்கிறார்கள். தான் மட்டும் ஹால் அளவு துணியைக் கட்டிக்கொண்டு சாவதானமாக வருவதா? அந்த வயதில் அது பெரிய வருத்தந்தான்.

திறந்தால் போதுமா?

வானிலிருந்து குதிப்பதில் ஆபத்து எது என்று நம்மைக் கேட்டால், “பாரசூட் திறக்காமல் போனால்?” என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் இந்த விளையாட்டில் நேரும் மரணங்களிலும் எலும்பு முறிவுகளிலும் கணிசமான பங்கு, ஒரு கிழிசல்கூட இல்லாமல் நன்றாகத் திறந்த குடையின் கீழேதான் நேருகிறது.

2023-ல் அமெரிக்காவில் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். லட்சக்கணக்கான குதிப்புக்குப் பத்துப் பேர் என்பது குறைவுதான். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், கணக்கு எந்தத் தாயைத் தேற்றும்?

வேறோர் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தை ஆசிரியை சொன்னார். நாற்பது குதிப்பு மட்டுமே முடித்த இளைஞன், நண்பனிடமிருந்து சிறிய குடை ஒன்றை வாங்கினான். ஐந்தாறு தடவை அழகாக இறங்கினான். ‘பார்த்தாயா, எனக்குப் பழகிவிட்டது’ என்றான். அடுத்த தடவை தரையை நெருங்கும்போது, அவன் இறங்கவேண்டிய இடத்தில் இன்னொருவர் வந்துவிட்டார். விலகுவதற்காகப் பதற்றத்தில் ஒரு பிடியை முழுவதும் இழுத்தான். பெரிய குடையாயிருந்தால் சோம்பலாகத் திரும்பியிருக்கும். சிறியது ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழ்நோக்கிப் பாய்ந்தது. நிமிர்வதற்கு உயரம் போதவில்லை. தொடை எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. ஓராண்டு கழித்துத்தான் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தான்.

“நல்ல நாளில் எந்தக் குடையிலும் இறங்கிவிடலாம்” என்றார் ஆசிரியை. “காற்று திசை மாறி, கண்ணில் வெயில் அடித்து, குறுக்கே ஆள் வந்து, மனம் பதறுகிற நாளில் எதில் இறங்குவாயோ அதைத்தான் வாங்க வேண்டும்.”

சின்னக் குடைக்கு மாறுமுன் பெரிய குடையிலேயே செய்துகாட்டவேண்டிய பாடங்கள் இருக்கின்றன. உயரத்தை அதிகம் இழக்காமல் தட்டையாகத் திரும்புவது. இரண்டு பிடியையும் இழுத்து இறங்குகிற நேரத்திலும் இலேசாகத் திசை மாற்றுவது. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இறங்குவது. காற்றே இல்லாத நாளில் இறங்குவது. குறித்த வட்டத்துக்குள் திரும்பத் திரும்பக் கால் பதிப்பது. முதல் பாடம் தெரிந்திருந்தால் அந்த இளைஞன் தப்பியிருப்பான். இத்தனையும் வந்த பிறகு, “இந்தக் குடை அலுத்துவிட்டது” என்று சொன்னால் ஆசிரியைகள் ஒப்புக்கொள்கிறார்கள்.

ரொம்பப் பெரியதும் ஆகாது

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிட்டால் கவலை இல்லையே என்று தோன்றும். அதுவும் சரியல்ல. 140 பவுண்டுப் பெண்ணை 280 சதுர அடிக் குடையில் தொங்கவிட்டால், குடை முன்னே போகும் வேகத்தைவிட எதிர்க்காற்று பலமாக இருக்கும் சமயத்தில், அவள் பின்பக்கமாகப் போவாள்! பின்னால் மரமா, மின்சாரக் கம்பியா என்பது தெரியாது. தரையில் இறங்கின பிறகும் காற்று குடையைப் பிடித்து அவளை இழுத்துக்கொண்டு போகலாம். அதனால்தான் தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்குக் காற்றின் வேகத்திலும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பாரசூட் சங்க விதிப்படி, தரைக்காற்று மணிக்கு 14 மைலுக்கு மேல் இருந்தால் அவர்கள் கீழேயே இருக்க வேண்டும்.

ஊரின் உயரமும் கணக்கில் வருகிறது. டிலாண்டு கடல் மட்டத்திலிருந்து நூறடிகூட உயராத ஊர், காற்று அடர்த்தி. இதே குடையை மலைநாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனால், மெலிந்த காற்றில் வேகமாக இறங்கும். கடற்கரையில் பழகியவர் மலைக்குப் போனால் ஒரு படி பெரிய குடையில் போவது விவேகம். பல மாதம் குதிக்காமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் அதே புத்திமதி. எடையும் அடிக்கடி மாறும் வஸ்து. போன வருஷத்து எடையை வைத்து இந்த வருஷம் குடை வாங்கக் கூடாது.

இரண்டாவது குடை

முதுகு மூட்டையில் இரண்டு குடைகள் உண்டு. ஒன்று சரியாகத் திறக்காவிட்டால் அதைக் கழற்றிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். கழற்றுவதற்குத் தோளருகே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள். பெரிய வளையம் தாங்கும் பாரத்தைச் சிறிய வளையங்கள் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் ஒரு நூல் முடிச்சின் பொறுப்பில் விடுகின்றன. ஓர் இழுப்பில் எல்லாம் கழன்றுவிடும். இது டிலாண்டு பில் பூத்தின் யோசனை. வளையல் போட்ட கைகளுக்கு இதன் அழகு உடனே புரியும்.

அமெரிக்கச் சட்டப்படி, அந்த இரண்டாவது குடையை 180 நாளுக்கு ஒருமுறை, லைசென்ஸ் பெற்ற நிபுணர் பிரித்துப் பார்த்து மடித்து வைக்க வேண்டும். புதியவர்கள் முதல் குடைக்கு அளவு பார்ப்பார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். சகாய விலை மூட்டைகளில் இதுதான் ஏமாற்றம். உள்ளே இருக்கும் இரண்டாவது குடை, கைதேர்ந்த பழைய சொந்தக்காரருக்கு ஏற்றபடி மிகச் சிறியதாக இருக்கும். அந்தக் குடையில் இறங்கும் நாள் நல்ல நாள் அல்ல என்பதை நினைக்க வேண்டும். மனம் கலங்கியிருக்கும், உயரம் குறைந்திருக்கும், மைதானத்துக்கு வெளியே இறங்க நேரிடலாம். அதற்கும் எடையை வகுத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

உறை அளவும் அப்படியே. சின்ன உறைக்குள் பெரிய குடையைத் திணித்தால் மூடுவதற்கே ஆள் வேண்டும். பெரிய உறையில் சின்னக் குடை தளர்ந்து கிடந்தால், வேண்டாத நேரத்தில் திறந்துகொள்ளும் அபாயம். தோள்பட்டையும் தொடைப்பட்டையும் உடம்போடு பொருந்த வேண்டும். உயரம் குறைந்த பெண்கள் ஆண்களுக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டால், அண்ணன் சட்டையைப் போட்ட தங்கைபோல் எல்லாம் தொளதொளக்கும். சட்டை தொளதொளத்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இது அப்படி அல்ல.

ஆகவே வாங்குவதற்கு அவசரம் வேண்டாம் என்கிறார்கள். பல அளவுக் குடைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில தடவை குதித்துப் பார்க்கலாம். பழையதை வாங்கினால், பணம் கொடுக்குமுன் நிபுணரிடம் காட்டித் துணியையும் கயிற்றையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஓரளவு உழைத்த துணியில் புதியவர்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. புத்தம்புது நைலான், மொடமொடப்பில்லாத பட்டுப்புடவையைப்போல் கைக்குள் நிற்காமல் வழுக்கும். மடித்து உறைக்குள் வைப்பதற்குள் வேர்த்துவிடும்.

“நம் தேசத்துப் பெண்கள் குதிக்கிறார்களா?” என்று நேயர்கள் கேட்கலாம். நன்றாகக் குதிக்கிறார்கள்! ரேச்சல் தாமஸ் 2002-ல் வடதுருவத்திலேயே குதித்தவர். புனேயைச் சேர்ந்த சீதள் மகாஜன் 2018-ல் தாய்லாந்தில், மகாராஷ்டிரத்து ஒன்பது கஜச் சேலையைக் கட்டிக்கொண்டு பதின்மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குதித்தார். அதைப் படித்துவிட்டு யாரும் முதல் குதிப்புக்கே சேலையை எடுத்து வைக்க வேண்டாம். அதற்கு முன்னால் அவர் நூற்றுக்கணக்கான தடவை குதித்தவர்.

மாலைக்குள் அந்த மாணவியின் முறை வந்தது. வெள்ளை விமானம் பொட்டாகி மறைந்தது. சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீலத்தில் பல நிறக் குடைகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. சின்னக் குடைகள் முதலில் வந்தன. புல்லை உரசி, ‘சர்’ரென்று சறுக்கி, ஓடி நின்றன. எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பெரிய குடை, அவசரமே இல்லாமல் வந்தது. பாதி வழியில் காற்று சற்று விலகியது. அவள் இலேசாகத் தட்டையாகத் திரும்பினாள், நேரானாள், இரண்டு பிடியையும் இழுத்தாள். இரண்டு அடி நடந்து நின்றாள். அவ்வளவுதான். கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியை மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 190 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். இன்னும் எத்தனை கோடு விழுந்தால் 170 கிடைக்கும் என்று அவள் கேட்டாள்.

“அதை நான் சொல்கிறேன். முதலில் துணியைச் சுருட்டு, மழை வருகிறது” என்றார் அவர்.

ப்ளோரிடாவில் கோடை மாலைகளில் இடியும் மழையும் சொல்லி வைத்தாற்போல் வரும். குதிப்பதைப் பார்க்க நினைக்கிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. குளிர்காலத்தில் போனால் இன்னும் சௌகரியம். அப்போது பக்கத்திலுள்ள நீல ஊற்றில், வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடிக் கடற்பசுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து மிதக்கும். குழந்தைகளுக்கு அதையும் காட்டலாம்.